தீ விபத்தில் இறந்தவரை அடையாளம் காட்டும் பற்கள்: பட்டாசுத் தொழிலாளர் குடும்பங்கள் அறிய வேண்டியவை

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டத்திலுள்ள தாயில்பட்டியும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களும் பட்டாசுத் தொழிலை நம்பி வாழ்பவை. சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று நிகழ்ந்த வெடி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று நிகழ்ந்த விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இத்தகைய விபத்துகளில் முகமும் கைரேகையும் கருகி, உறவினரே உடலை அடையாளம் காண இயலாத நிலை ஏற்படலாம். அந்நிலையில் பற்கள் எவ்வாறு உதவுகின்றன, அதற்காக நீங்கள் முன்கூட்டியே செய்ய வேண்டியது என்ன என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

சரியான அடையாளம் ஏன் தேவை?

உடைத்துண்டு, வளையல், செருப்பு ஆகியவற்றை மட்டும் கொண்டு உடலை அடையாளம் காண்பது பிழைக்கு இடம் தரும். ஒரே அறையில் வேலை செய்வோர் ஒரே கடையில் வாங்கிய அணிகலன்களை அணிந்திருக்கலாம். ஓர் உடல் தவறான குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டால் இரண்டு குடும்பங்கள் பாதிக்கப்படும்.

இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், நிவாரணத் தொகை, காப்பீடு ஆகிய அனைத்தும் இறந்தவர் யார் என்பது உறுதியாவதைப் பொறுத்தவை. ஏழு ஆண்டுகள் எவ்விதத் தகவலும் இல்லாதவரை இறந்தவராகக் கருதலாம் என்பது சாட்சியச் சட்டத்தின் பொது விதி. உடல் அடையாளம் காணப்படாத குடும்பம் இவ்விதியை நம்பிக் காத்திருக்க நேரிடலாம்.

பற்கள் தீயைத் தாங்குவது எப்படி?

பல்லின் வெளிப்பூச்சான எனாமல், மனித உடலின் மிகக் கடினமான பொருள் ஆகும். அதன் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாது உப்புகளே. கடைவாய்ப் பற்களைக் கன்னமும் நாக்கும் மூடியுள்ளன. வேர்களைத் தாடை எலும்பு காக்கிறது. ஆகவே முன்பற்கள் சேதமடைந்த பின்னரும் பின்பற்கள் எஞ்சியிருப்பது உண்டு. உலோக அடைப்பும் பீங்கான் உறையும் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. அக்ரிலிக்கினால் செய்த பல் செட் தீயில் எளிதில் அழியும்.

வெடி விபத்தில் தாடை உடைந்து சிதறவும் கூடும். அப்போது ஒரு சிறு தாடைத் துண்டும், தனியாகக் கிடக்கும் ஒரு பல்லும்கூடச் சான்றாகலாம். பல்லின் உள்ளே பாதுகாப்பாக உள்ள பற்கூழிலிருந்து மரபணு மாதிரி எடுக்கும் வாய்ப்பும் உண்டு.

ஒப்பீடு எவ்வாறு நடைபெறுகிறது?

ஐயத்திற்குரிய மரணங்களிலும் விபத்து மரணங்களிலும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 2023-இன் 194-ஆம் பிரிவின்படி காவல்துறை விசாரணை மேற்கொண்டு உடலை உடற்கூறாய்வுக்கு அனுப்பும். தேவைப்படின் பல் மருத்துவ வல்லுநர் உதவுவார். அவர் மூன்று படிகளில் செயல்படுவார்.

1. இறந்தவரின் வாயில் எஞ்சியுள்ள பற்கள், அடைப்புகள், வேர் சிகிச்சை, பல் எடுத்த இடங்கள் ஆகியவற்றைப் பதிந்து எக்ஸ்ரே எடுத்தல்.
2. காணாமல் போனவரின் பழைய பல் சிகிச்சைப் பதிவுகளைக் குடும்பத்தினரிடமிருந்தும் மருத்துவரிடமிருந்தும் பெறுதல்.
3. இரண்டையும் பல் பல்லாக ஒப்பிடுதல்.

எல்லா வேறுபாடும் முரண் ஆகாது. பழைய பதிவில் இருந்த பல் இப்போது இல்லையெனில், இடையில் அது எடுக்கப்பட்டிருக்கலாம். ஆனால் பிடுங்கப்பட்டதாகப் பதிவாகியுள்ள நிலைப்பல் உடலில் முழுமையாக இருந்தால், பதிவு பிழையற்றதாயின், அவ்வுடல் வேறொருவருடையது. இவ்வாறு ‘இவர் அல்லர்’ என்று விலக்குவதும் பயனுள்ள முடிவே.

பேரிடரில் இறந்தோரை அடையாளம் காண்பதற்கான இன்டர்போல் நெறிமுறைகள் கைரேகை, பல் ஒப்பீடு, மரபணுச் சோதனை ஆகிய மூன்றையும் முதன்மை வழிகளாக ஏற்கின்றன. வல்லுநரின் கருத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்வதற்குப் பாரதிய சாக்ஷிய அதிநியம், 2023-இன் 39-ஆம் பிரிவு இடமளிக்கிறது.

பாரிஸ் நகரில் 1897 மே 4 அன்று ஓர் அறக்கொடை விற்பனை விழாவில் தீப்பிடித்து 126 பேர் இறந்தனர். உறவினரால் அடையாளம் காண இயலாத உடல்கள் சிலவற்றை அவர்களின் பல் மருத்துவர்கள் தம் குறிப்பேடுகளைக் கொண்டு உறுதிசெய்தனர். ஒப்பிட்டுப் பார்க்க முன்கூட்டியே எழுதப்பட்ட பதிவு இருந்ததனாலேயே அது இயன்றது.

பல் மருத்துவரிடம் சென்றதே இல்லையெனில்?

தொழிலாளர் குடும்பங்களில் பலரிடம் பல் சிகிச்சைப் பதிவு ஏதும் இராது. அந்நிலையிலும் வழிகள் உள்ளன.

• பற்கள் தெரியும்படி சிரித்து எடுத்த ஒளிப்படம். முன்பற்களின் இடைவெளி, சாய்வு, உடைந்த முனை ஆகியவற்றை அதில் காணலாம். திருமண ஒளிப்படமும் கைப்பேசிப் படமும் போதும். படத்தைச் சுருக்காமல் மூலக் கோப்பாகவே வழங்குக.
• வேறு நோய்க்காக எடுத்த தலை அல்லது தாடை எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன்.
• மரபணுச் சோதனை. இதற்குத் தாய், தந்தை, மகன், மகள் ஆகியோரின் இரத்த மாதிரி சிறந்தது. கணவன் அல்லது மனைவியின் மாதிரி மட்டும் இருந்தால் ஒப்பிட இயலாது.

விபத்து நடந்த இடத்தில்

• தீ முழுமையாக அணைந்து, அதிகாரிகள் அனுமதிக்கும் வரை உள்ளே செல்லாதீர்கள். மீதமுள்ள மருந்து மீண்டும் வெடிக்கலாம்.
• கருகிய உடலின் வாயைத் திறக்கவோ, முகத்தைக் கழுவவோ வேண்டாம். வெந்த பற்கள் தொட்டாலே நொறுங்கும்.
• உடலருகே பல்லோ எலும்புத் துண்டோ கிடந்தால் எடுக்காமல் காவலரிடம் இடத்தைக் காட்டுங்கள்.
• அடையாளத்தில் சிறு ஐயம் இருப்பினும் உடலைப் பெற்றுக்கொள்ளும் முன் விசாரணை அதிகாரியிடம் தெரிவியுங்கள். தகனத்திற்குப் பின் திருத்துவது மிகக் கடினம்.

உயிர் பிழைத்தோரின் பற்காயம்

பல் உடைவதும் இடம் பெயர்வதும் பாரதிய நியாய சன்ஹிதா, 2023-இன் 116-ஆம் பிரிவின்படி கொடுங்காயம் ஆகும். தீக்காயச் சிகிச்சையின் அவசரத்தில் பற்காயம் பதிவாகாமல் விடுபடக்கூடும். எனவே உடைந்த, ஆடும் பற்களை மருத்துவரிடம் கூறி விபத்துப் பதிவேட்டில் குறிக்கச் செய்து, அதன் நகலைக் கேட்டுப் பெறுங்கள்.

வயதை அறிதல்

வெடிபொருள் தொடர்பான வேலையில் 18 வயது நிரம்பாத எவரையும் அமர்த்துவதைச் சட்டம் தடை செய்கிறது. ஒரு சிறாரின் வயதில் ஐயம் எழுந்தால், இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் 94-ஆம் பிரிவின்படி முதலில் பள்ளிச் சான்று அல்லது மெட்ரிகுலேஷன் சான்று, அது இல்லையெனில் உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்று கருதப்படும். இவை இல்லாதபோதே மருத்துவச் சோதனை நடத்தப்படும். பல் வளர்ச்சி, குறிப்பாக ஞானப்பல்லின் வேர் வளர்ச்சி, வயதை மதிப்பிட உதவும். ஆயினும் அது மதிப்பீடே. ஓரிரு ஆண்டு முன்பின்னாக அமையலாம். ஆகவே குழந்தையின் பிறப்புச் சான்றிதழைப் பாதுகாப்பாக வைத்திருங்கள்.

இன்றே செய்யக்கூடியவை

1. பல் வலி இல்லாவிடினும் அரசு மருத்துவமனையின் பல் மருத்துவப் பிரிவில் ஒருமுறை பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஈறு நோயும் சொத்தையும் தொடக்கத்திலேயே தெரியவரும். பல் பதிவும் உருவாகும்.
2. புறநோயாளிச் சீட்டு, பல் எக்ஸ்ரே, சிகிச்சை பெற்ற இடம், நாள் ஆகியவற்றைக் குடும்ப அட்டை வைக்கும் இடத்திலேயே வையுங்கள்.
3. குடும்பத்தில் ஒவ்வொருவரும் பற்கள் தெரியச் சிரித்து நிற்கும் தெளிவான படம் ஒன்றை எடுத்து, வேலைக்குச் செல்லாத உறவினர் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள்.
4. யார் எந்த ஆலையில், எந்த அறையில் வேலை செய்கிறார் என்பதை வீட்டில் ஒருவர் அறிந்திருக்க வேண்டும்.

அவசர ஊர்திக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104, இலவசச் சட்ட உதவிக்கு 15100 ஆகிய எண்களை அழைக்கலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவையும் நேரில் அணுகலாம்.