குளத்துத் தண்ணீரை மாற்றியது யார்?

வீட்டு மீன்தொட்டியில் வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றச் சொல்வார்கள். ஒரேயடியாக மாற்றினால் மீன் தாங்காது.

தஞ்சை சிவகங்கைக் குளத்தில் இந்த வேலையை யார் செய்தார்கள்? ஆளே தேவைப்படவில்லை! 16-ஆம் நூற்றாண்டில் ஆண்ட சேவப்ப நாயக்கர் பெயரில் நகருக்கு மேற்கே ஓர் ஏரி இருந்தது. மழைநீர் முதலில் அங்கே தங்கும். வண்டல் அடங்கியதும் தெளிந்த நீர் வாய்க்கால் வழியே சிவகங்கைக்கு வரும். மிஞ்சியது நிலத்தடி நீர்வழியாக அய்யங்குளத்துக்குப் போகும். அதாவது வரத்தும் உண்டு, போக்கும் உண்டு. புதுத்தண்ணீர் வர வர பழையது தானாக வெளியேறும். பம்பு, வடிகட்டி எதுவும் கிடையாது.

பிற்காலத்தில் ஏரிப்பகுதியில் வீடுகள் எழுந்தன, நீர்வழிகள் தூர்ந்தன. வரத்து நின்ற குளத்தில் மீன்கழிவும் இலைச்சருகும் சேர்ந்து பாசிதானே பிடிக்கும்?

2021-இல் அய்யங்குளத்தைச் சீரமைத்தபோது மண்மூடிக் கிடந்த அந்தப் பழைய நீர்வழியையும் தேடிப்பிடித்துச் சுத்தம் செய்தார்கள்.