நெய்க்கு யார் சாட்சி?

திருவானைக்காவலில் நெய் ரோஸ்டுக்குக் காத்து நிற்கும் கூட்டத்தில் யாரும் நெய்யின் பூர்வீகத்தை விசாரிப்பதில்லை. 1917-ல் கல்கத்தா விசாரித்தது. விளைவு, ஊரே அமளிதுமளி.

அங்கே நெய் வியாபாரம் பெரும்பாலும் மார்வாடிகள் கையில். சோதனைக்குப் போன நெய்யில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் கலந்திருப்பதாகச் சேதி பரவியது. ஆயிரக்கணக்கான பிராமணர்கள் ஹூக்ளி கரையில் கூடிப் பிராயச்சித்தம் செய்தார்கள். மார்வாடிகளின் பஞ்சாயத்தே கூடி, தங்கள் வியாபாரிகள் சிலருக்குப் பெரும் அபராதம் போட்டது. அதே ஆண்டு வங்காள அரசு கலப்படச் சட்டத்தைத் திருத்தியது. மறு ஆண்டு சென்னை மாகாணமும் 1918-ன் 3-வது சட்டமாகக் கலப்படத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதுவரை நெய்யை முகர்ந்தும், புறங்கையில் தேய்த்தும் தீர்ப்புச் சொன்ன இடத்தில், இனி பகுப்பாய்வாளர் கையெழுத்திட்ட காகிதம் பேசும்.

அந்தக் காகிதத்தில் முக்கியமானது ஓர் எண்: ரைக்கர்ட்-மைசல் எண். 5 கிராம் நெய்யைக் காரத்தில் கொதிக்க வைத்து, அமிலம் சேர்த்து, ஆவியாகி வரும் கொழுப்பமிலங்களைப் பிடித்து அளப்பார்கள். நல்ல நெய்யில் 24-க்கு மேல் வருவது வழக்கம். மாட்டுக் கொழுப்பில் 1-கூட வராது. பிறகென்ன, திருடன் மாட்டினான் என்றுதானே தோன்றும்?

மாட்டவில்லை. எண் 32 வரும் உயர்ந்த நெய்யில் கொஞ்சம் கொழுப்பைக் கலந்தாலும் 28-க்குக் கீழே இறங்காது. சான்றிதழ் சுத்தமாக வந்துவிடும். பருத்திக்கொட்டை தின்னும் மாட்டின் நெய்யிலோ இயல்பாகவே எண் குறையும். ஒரு சொட்டும் கலக்காதவன் கூண்டில் நிற்பான். சுதந்திரத்துக்குப் பின் வந்த விதிகள் பருத்திப் பகுதிகளுக்குத் தனியாகக் குறைந்த அளவு வைத்தது இதனால்தான். என்னைக் கேட்டால், சட்டத்தில் ஓட்டை இல்லை. பால் கறக்கும் மாடு என்ன தின்றது என்று தெரியாமல் எண்ணை மட்டும் நம்பியதுதான் கோளாறு.

2024-ல் திருப்பதி லட்டு நெய் விவகாரம் வெடித்தபோதும் இதே சிக்கல். அந்த நெய்யைச் சோதித்த ஆனந்த் நகர ஆய்வகத்தின் அறிக்கை அன்னியக் கொழுப்பு இருக்கலாம் என்றது. மாட்டின் தீவனம் போன்ற காரணங்களால் முடிவு பிசகலாம் என்ற குறிப்பும் அதே அறிக்கையில் இருந்தது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சிபிஐ மேற்பார்வையில் சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது.

1937-ல் நெய் டின்னில் அக்மார்க் முத்திரை ஏற வழி பிறந்த கதை, அடுத்த வாரம்.