கர்நாடக வாரிசுரிமைப் போரும் ஆலம்பரைக் கோட்டையும்

ஆம்பூர்ப் போரில் 1749 ஆகஸ்டு 3ஆம் நாள் அன்வருதீன் வீழ்ந்ததும், ஆர்க்காட்டு நவாப் பட்டத்திற்காகச் சந்தா சாகிப்பும் முகமது அலியும் மோதினர். இவ்வுள்நாட்டுப் போர் மரக்காணம் உப்பளக் கடற்கரையையும் அரணாக்கியது.

சந்தா சாகிப்பையும் அவருடைய கூட்டாளி முசாபர் ஜங்கையும் ஆதரித்த பிரெஞ்சுக்காரருக்கு, படையுதவிக்குக் கைம்மாறாக, மரக்காணத்திற்கு வடக்கேயுள்ள ஆலம்பரைக் கோட்டை 1750இல் அளிக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் புஸ்ஸி செஞ்சியைக் கைப்பற்றினார். உள்நாட்டில் மலைக்கோட்டையும் இடைக்கழிநாட்டுக் கழிமுகத்தில் செங்கற்கோட்டையுமாகப் புதுச்சேரியின் வெளியரண் அமைந்தது. ஆலம்பரையின் பயன் மதிலில் மட்டுமன்று, அதன் படகுத்துறையிலும் இருந்தது.

சந்தா சாகிப் 1752இல் கொல்லப்பட்டார். கோட்டையோ பிரெஞ்சுக்காரர் வசமே நீடித்தது. ஆங்கிலேயர் 1760இல் அதனைக் கைப்பற்றித் தகர்த்தனர். பட்டப்போட்டிக்குத் தரப்பட்ட கூலி, போட்டியாளரின் மறைவுக்குப் பின்னும் அந்நிய வல்லரசுகளின் எல்லையாக நிலைத்தமையை ஆலம்பரை உணர்த்துகிறது.