கையெழுத்து யாருடையது? பேரிடருக்குப் பின் எழுந்த வீடுகளில் குடியிருப்போர் குரல்

2005 மார்ச் 30 அன்று தமிழ்நாடு அரசு வெளியிட்ட 172ஆம் எண் அரசாணை, கடற்கரை மீனவர்களுக்கு ஒரு விருப்பத் தேர்வை அளித்தது. உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் சுனாமியில் வீடு இழந்தவர்கள் அந்த எல்லைக்கு அப்பால் போகச் சம்மதித்தால் ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்புள்ள புதிய வீடு இலவசம். சம்மதிக்காதவர்கள் இருந்த இடத்திலேயே சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம். அரசு உதவி ஒரு காசும் கிடையாது. படகும் வலையும் போய், நிவாரணக் கொட்டகையில் படுத்திருந்த குடும்பத்துக்கு இதில் விருப்பம் எவ்வளவு, வேறு வழியில்லாமை எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கடினம். ஆனால் ஆவணத்தின்படி அவர்கள் கேட்கப்பட்டார்கள்.

நிலைத்து நிற்கும் கட்டுமானத்துக்கு அங்கே வாழப்போகிறவர்களின் குரல் வேண்டும் என்பதை இன்று மறுப்பவர் இல்லை. திட்ட அறிக்கை ஒவ்வொன்றிலும் ‘மக்கள் பங்கேற்பு’ என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. இந்தக் கட்டுரையின் கேள்வி வேறு. அந்தக் குரல் எந்தக் கட்டத்தில் கேட்கப்பட்டது, யார் வாய் வழியாக வந்தது, அதன் பின்னால் பணத்தின் மீது எவ்வளவு பிடி இருந்தது? லாத்தூர், கச்சு, நாகப்பட்டினம், வன்னி என்று நான்கு இடங்களில் இதைத் தொடர்ந்து பார்த்தால், கூட்டம் போட்டுக் கேட்பதற்கும் முடிவைக் கையில் கொடுப்பதற்கும் உள்ள தூரம் தெரியவருகிறது.

கேட்க வேண்டும் என்ற எண்ணம் ஒன்றும் புதிதல்ல. 1940களில் எகிப்தின் லக்சர் அருகே, பழைய கல்லறைகளின் மீது குடியிருந்த கூர்னா மக்களுக்காகக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி ஒரு புதிய ஊரைக் கட்டத் தொடங்கினார். பச்சை மண் செங்கல், மரச் சாரம் இல்லாமலே எழும்பும் வளைகூரை, குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும் வீடு. இன்று ‘பசுமைக் கட்டுமானம்’ என்று சொல்லப்படுவதில் பாதி அங்கே இருந்தது. ஆனால் ஊரைக் காலி செய்ய வேண்டும் என்ற முடிவை எடுத்தது தொல்பொருள் துறை. அதை யாரிடமும் கேட்கவில்லை. மக்கள் போக மறுத்தார்கள், ஊர் பாதியில் நின்றது. ஃபாத்தியின் நூல் 1973இல் சிகாகோவிலிருந்து வெளிவந்தபோது உலகமே மண் வளைகூரையைக் கற்றுக்கொண்டது. அந்த மறுப்பைக் கற்றவர்கள் குறைவு. பெருவின் குடிசைப் பகுதிகளில் வேலை செய்துவிட்டு வந்த ஜான் டர்னர்தான் 1976இல் எழுதிய நூலில் அதைக் கேள்வியாக்கினார்: வீடு எப்படி இருக்கிறது என்பதைவிட, அதைப் பற்றிய முடிவு யாரிடம் இருக்கிறது?

இந்தியாவில் அந்தக் கேள்வி கூர்மையடைந்தது மராட்வாடாவில். 1993 செப்டம்பர் 30 விடியற்காலை, நான்கு மணி அடிக்கச் சில நிமிடங்கள் இருக்கையில், லாத்தூர் நிலநடுக்கத்தில் கில்லாரிப் பகுதியின் கனத்த கருங்கல் சுவர்களும் மண் கூரைகளும் தூங்கியவர்கள் மேல் சரிந்தன. ஐம்பதுக்கு மேற்பட்ட கிராமங்கள் வேறிடத்துக்கு மாற்றப்பட்டன. புதிய வீட்டின் அளவு, குடும்பத்தின் நிலத்தை வைத்து முடிவானது: நிலமற்றவருக்கும் ஒரு ஹெக்டேர் வரை வைத்திருந்தவருக்கும் 250 சதுர அடி, ஏழு ஹெக்டேர் வரை 400, அதற்கு மேல் 750. நிலநடுக்கம் பார்க்காத ஏற்றத்தாழ்வை மறுகட்டுமானம் பார்த்து அளந்து கொடுத்தது. அதே திட்டத்தின் மற்றொரு பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இடம் மாறாத கிராமங்களில், சேதமான வீடுகளை உரிமையாளர்களே பணம் வாங்கிப் பலப்படுத்திக்கொண்டார்கள். ஒவ்வொரு ஊரிலும் பெண்கள் ‘சம்வாத் சஹாயக்’ என்ற தொடர்பாளர்களாக நியமிக்கப்பட்டனர். எந்தத் தவணை வந்தது, சுவரில் எங்கே கம்பி வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் வழியே வீடுகளுக்குப் போயிற்று. ‘சுயம் சிக்ஷண் பிரயோக்’ என்ற அமைப்பு இதை ஒருங்கிணைத்தது.

2001 ஜனவரி 26 அன்று கச்சு குலுங்கியபோது இந்தப் பாடம் கையோடு இருந்தது. தொடக்கத்தில் அங்கும் கிராமங்களை இடம் மாற்றுவது பற்றியே பேச்சு நடந்தது. மக்கள் எதிர்த்தார்கள். இரண்டு வாரத்துக்குள் அமைக்கப்பட்ட குஜராத் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம், வீட்டுக்காரரே கட்டும் முறையை முதன்மையாக்கியது. அதன் நடைமுறையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பணம் வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு மூன்று தவணையில் வரும்: 40 விழுக்காடு, 40, 20. ஒவ்வொரு தவணைக்கும் முன் பொறியாளர் வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அவர் பார்ப்பது அடித்தளப் பட்டை, நிலைமட்டப் பட்டை, மூலைகளில் செங்குத்துக் கம்பி ஆகியவற்றைத்தான். எத்தனை அறை, எந்தத் திசையில் வாசல், எந்தக் கொத்தனார், கல்லா செங்கல்லா என்பது வீட்டுக்காரர் பாடு. அதிர்வுக்குத் தாங்குமா என்பது ஒருவர் துறை, எப்படி வாழ்வது என்பது இன்னொருவர் துறை. இந்த எல்லைக்கோட்டைத் தெளிவாகப் போட்டதுதான் கச்சின் உண்மையான கண்டுபிடிப்பு என்று நினைக்கிறேன். அழுத்திச் செய்த மண்கல்லையும் ஏற்றார்கள். ஆரோவில் மண் நிறுவனத்தின் பிணைப்பு மண்கல் முறைக்கு அந்த ஆணையம் ஒப்புதல் அளித்தது. பன்னிப் புல்வெளியின் வட்டவடிவ ‘பூங்கா’ (bhunga) மண்வீடுகள் பல அதிர்வில் நின்றுவிட்டதைப் பார்த்த பொறியாளர்களுக்கு மண்மேல் இருந்த இளக்காரமும் கொஞ்சம் குறைந்தது.

நான்கே ஆண்டில் இது எல்லாம் நாகப்பட்டினத்துக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். வரவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உலகெங்கும் இருந்து பணம் குவிந்தது. பணம் அதிகமாக வந்ததே வீட்டுக்காரர் ஓரங்கட்டப்பட ஒரு காரணமாயிற்று என்பது இந்த வரலாற்றின் விசித்திரம். 2005 ஜனவரி 13இன் 25ஆம் எண் அரசாணை, தொண்டு நிறுவனங்களும் தனியார் நிறுவனங்களும் ஊர்களைத் ‘தத்து’ எடுத்துக் கட்டித் தர வழி செய்தது. தத்து என்ற சொல்லைக் கவனியுங்கள். பெற்றோர் இல்லாத பிள்ளைக்கு வழங்கும் சொல் அது. பல தலைமுறையாகத் தன் வழக்கைத் தானே தீர்த்துக்கொண்ட ஊருக்கு அதை ஒட்டவைத்தார்கள். கட்டியவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர்கள். ஒரே அச்சில் வார்த்ததுபோல் 325 சதுர அடி வீடுகள் வரிசையாக எழுந்தன.

அந்த 325 சதுர அடியில் என்ன இல்லை? திண்ணை இல்லை, அல்லது பெயருக்கு இரண்டடி இருந்தது. கீற்று வேய்ந்த பழைய வீட்டில் திண்ணைதான் பாதி வீடு. விடிவதற்கு முன் கடலுக்குப் போய் வந்தவர் மதியம் அங்கே சாய்வார். மாலையில் வலை பின்னுவார். வந்தவர் உட்காருவது அங்கேதான். முற்றத்தில் பெண்கள் கருவாடு காய வைப்பார்கள், மேலே தென்னை நிழல். புதிய வீட்டில் கூடம், படுக்கையறை, சமையலறை, கழிவறை, தலைக்கு மேல் கான்கிரீட். மதியம் ஒரு மணிக்கு அந்தத் தளத்தின் கீழ் யாரும் படுக்க முடியாது. வலை தெருவுக்குப் போயிற்று.

அதைவிடப் பெரிய இழப்பு மரங்கள். ஊரை ‘ஒழுங்காக’ அமைக்க நிலத்தை மட்டப்படுத்தியபோது தென்னையும் பூவரசும் வேம்பும் வெட்டப்பட்டன. குஜராத்திலும் தமிழ்நாட்டிலும் மறுகட்டுமானத்தை ஆராய்ந்த ஜெனிஃபர் டுய்ன் பாரன்ஸ்டைன் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். அலையில் சேதமே அடையாத நல்ல வீடுகள் இடிக்கப்பட்டதையும் அவர் காட்டுகிறார். நிழலையும், இன்னும் நாற்பது ஆண்டு நிற்கக்கூடிய வீட்டையும் அழித்துவிட்டு, பத்தாண்டில் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துப் பூச்சு உதிரும் வீட்டைக் கட்டுவதற்கு நிலைத்த வளர்ச்சி என்ற பெயர் எப்படிப் பொருந்தும்?

ஆனால் ‘மக்களைக் கேட்கவில்லை’ என்று இதை முடித்துவிட முடியாது. பல ஊர்களில் கேட்டார்கள். ஊர்ப் பஞ்சாயத்தாரோடு உட்கார்ந்து பேசி, ஒப்பந்தம் எழுதி, அவர்கள் சம்மதத்தோடுதான் மண்வாரி இயந்திரம் உள்ளே வந்தது. தலைக்கட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு, எல்லா வீடும் ஒரே அளவு என்று ஊரே கேட்டது. அதில் ஒரு நியாயமும் இருந்தது. மீனவச் சமூகமான பட்டினவர் ஊர்களில் கிடைத்ததைச் சமமாகப் பங்கிடுவது பழைய வழக்கம். சிக்கல், ‘ஊர்’ என்றால் யார் என்பதில் இருந்தது. பஞ்சாயத்தில் பெண்களுக்கு இடமில்லை. ஊருக்கு வரி கட்டும் ஆண்தான் தலைக்கட்டு. கணவனை இழந்தவள் அந்தக் கணக்கில் அரைகுறையாகவே வந்தாள். சேரியில் குடியிருந்து கரையில் கூலி வேலை செய்த தலித்துகளும், கழிமுகத்தில் இறாலும் நண்டும் பிடித்த இருளர்களும் அந்த ஊரின் பட்டியலிலேயே இல்லை. படகு இல்லாதவருக்குச் சுனாமி இழப்பும் இல்லை என்பதுபோல நிவாரணம் அவர்களைத் தாண்டிப் போனது. ஒரு குரலைக் கேட்டதும் எல்லாக் குரலையும் கேட்டுவிட்டதாக எடுத்துக்கொள்வது நிர்வாகத்துக்குச் சௌகரியம். மனைப்பட்டாவைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் தர வேண்டும் என்ற விதி இந்தப் பின்னணியில் சிறிய விஷயமல்ல. பஞ்சாயத்து தராத இடத்தை ஒரு காகிதம் தந்தது.

மாற்று வழி கண்ணுக்கெட்டிய தூரத்திலேயே இருந்தது. தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, கட்டடக் கலைஞர் பென்னி குரியாகோஸின் துணையோடு, குடும்பங்களைக் கலந்து வீடுகளைத் திட்டமிட்டது. நாள் கூடுதலாக ஆகும் வேலை அது. எண்ணிக்கை கேட்கும் நன்கொடையாளருக்கு அப்படிப்பட்ட தாமதத்தை விளக்குவது எளிதாக இருந்திருக்காது.

இதே காலத்தில் சட்டம் எந்தத் திசையில் போனது என்பதையும் குறிப்பிட வேண்டும். 1997இல் இந்தியச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டில் பொது விசாரணை கட்டாயமானது. 2006 செப்டம்பர் 14 அறிவிக்கை 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களுக்கு முன்அனுமதியைக் கட்டாயமாக்கி, கூடவே கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கலந்தாய்விலிருந்து விலக்கும் அளித்தது. மழைநீர் சேகரிப்பு, கழிவுநீர் மறுபயன்பாடு, மின்சேமிப்பு எல்லாம் படிவத்தில் உண்டு. பக்கத்துத் தெருக்காரருக்குப் படிவத்தில் இடம் இல்லை.

பாக் நீரிணையின் மறுகரையில் கதை வேறு மாதிரி. 1984இல் தொடங்கிய இலங்கையின் பத்து லட்சம் வீடுகள் திட்டம், குடும்பத்துக்குச் சிறு கடன் கொடுத்து வீட்டை அவர்களே கட்டவிட்ட திட்டம். குடியிருப்போர் சங்கத்துக்கே கிணறு, வடிகால் வேலைகளை ஒப்பந்தமாகத் தரும் முறையும் அதிலிருந்து வளர்ந்தது. அந்தப் பழக்கம் சுனாமிக்குப் பின்னும் கைகொடுத்தது. முற்றாக அழிந்த வீட்டுக்கு இரண்டரை லட்சம் இலங்கை ரூபாய், நான்கு தவணையில், வீட்டுக்காரர் கையில். போருக்குப் பின் 2010இல் இந்தியா அறிவித்த 50,000 வீடுகளில் முன்னோடியாக 1,000 வீடுகளை ஒப்பந்தக்காரர்கள் கட்டினார்கள். 2012 அக்டோபரில் தொடங்கிய அடுத்த கட்டம் பயனாளிகளே கட்டும் முறைக்கு மாறியது. தொகை ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய்.

வன்னியின் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சனம் வளவைத் துப்புரவாக்கி, நல்ல நாள் பார்த்து நிலையம் எடுத்து, அத்திவாரம் வெட்டி, கல் அரிந்தார்கள். மேசன்மாருக்குத் தட்டுப்பாடு வந்தது. மணல் விலை ஏறியது. பெரிய வீடாகக் கட்ட ஆசைப்பட்டு நகையை அடகு வைத்தவர்கள் உண்டு, கடனில் விழுந்தவர்கள் பலர். தனித்துக் குடும்பம் நடத்திய பெண்கள், கூலிக்கு ஆள் பிடித்து, சீமெந்து ஏற்றி இறக்கி, தவணைக்கு அலுவலர் பின்னால் நடந்து திண்டாடினார்கள். முடிவு கையில் இருப்பது மட்டும் போதாது. அதைத் தாங்க உடல் வலுவும் நேரமும் கையிருப்பும் வேண்டும். வீட்டுக்காரர் கட்டும் முறையைப் புகழ்பவர்கள் இந்தக் கணக்கை அடிக்கடி விட்டுவிடுகிறார்கள்.

இவ்வளவுக்குப் பின்னும் 2016 வாக்கில் இலங்கை அரசு வடக்குக்கும் கிழக்குக்கும் 65,000 முன்தயாரிப்பு உருக்கு வீடுகளைக் கொண்டுவர முனைந்தது. பன்னாட்டு உருக்கு நிறுவனம் ஒன்று பொருத்தித் தரும். வீட்டுக்கு ஏறத்தாழ 21 லட்சம் ரூபாய். அதில் பாதிக்கும் குறைவான செலவில் கல்வீடு கட்டலாம் என்று பொறியாளர்களும் சிவில் சமூகத்தினரும் தமிழ் அரசியல்வாதிகளும் கணக்குக் காட்டினார்கள். இந்த முறை எதிர்ப்புக்கு ஓர் அடித்தளம் இருந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரு வீட்டின் செலவு இப்போது உருப்படி உருப்படியாகத் தெரியும். ஒரு மூட்டை சீமெந்தில் எத்தனை கல் அரியலாம் என்று தெரியும். பின்னால் ஓர் அறை இறக்க வேண்டுமென்றால் எந்தச் சுவரை உடைப்பது என்றும் தெரியும். திட்டம் இழுபட்டு, கடைசியில் கைவிடப்பட்டது. அதற்கு எதிராக எழுதப்பட்ட நீண்ட காரணப் பட்டியலில் வெப்பமும் அத்திவாரப் பலவீனமும் முதலில் வந்தன. கூடவே இன்னொன்றும் இருந்தது: குசினியில் விறகடுப்புக்கும் புகைபோக்கிக்கும் இடம் வைக்கவில்லை.