ஒற்றை எழுதாத லிபி

ஸ்பானியப் பாதிரிமார் பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் மதப் பிரசாரத்துக்காக வந்திறங்கியபோது, அங்கிருந்த தகாலோக் ஜனங்கள் தங்களுக்கென ஒரு லிபியை வைத்துக்கொண்டு, மூங்கிலிலும் இலையிலும் கத்திமுனையால் கீறிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்ததைக் கண்டு ஆச்சரியப்பட்டார்கள். எழுத வாசிக்கத் தெரியாத ஆணைக் காண்பது அரிது, பெண்ணைக் காண்பது அதனினும் அரிது என்ற பொருளில் பேத்ரோ சிரினோ என்ற பாதிரியார் 1604இல் ரோமில் அச்சான தமது நூலில் எழுதினார். இதில் கொஞ்சம் மிகையுண்டு என்று கழித்துவிட்டாலும், எஞ்சுவது சாமானியமன்று.

பாய்பாயின் என்னும் அந்த லிபியில் 17 எழுத்துகளே உண்டு. உயிர் 3, அகரமேறிய மெய் 14. மேலே ஒரு சிறு கீறலிட்டால் இகரமும் எகரமும், கீழே இட்டால் உகரமும் ஒகரமுமாக ஒலிக்கும். சொல்லின் நடுவிலோ இறுதியிலோ வரும் தனி ஒற்றை மட்டும் அவர்கள் எழுதுவதேயில்லை. ஆகவே, குழந்தையைக் குறிக்கும் 'பாத்தா', காவலாளியைக் குறிக்கும் 'பன்தாய்', சட்டத்தைக் குறிக்கும் 'பாத்தாஸ்' ஆகிய மூன்றும் ஒரே இரண்டு எழுத்துகளில் அடங்கிவிடும். எது எதுவென்று வாசிப்பவர்தாம் இடமறிந்து தெளியவேண்டும். நம் ஏடுகளில் புள்ளியிடாமல் எழுதியதை இதற்கு ஒப்பிடத் தோன்றும். ஆயினும் நம்மவர் விட்டது புள்ளியைத்தான், எழுத்தையே அன்று.

இந்தக் குறையைத் தீர்க்க எண்ணிய பிரான்சிஸ்கோ லோபெஸ் என்ற பாதிரியார், 1620இல் இலோகானோ பாஷையில் அச்சிட்ட ஞானோபதேச நூலில், எழுத்தின் கீழ் ஒரு சிறு சிலுவைக் குறியிட்டு அகரத்தை நீக்கினார். தகாலோக் மக்களோ அதை ஏற்கவில்லை. பழகிய கண்ணுக்கு இல்லாத ஒற்றும் தெரிந்திருக்கும்போது, அதைச் சுட்டிக்காட்டும் குறி அவர்களுக்கு வீண் உபசாரமாகவே பட்டிருக்கவேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1989இல் லூசோனிலுள்ள லகூனா மாகாணத்தின் லும்பாங் ஆற்றில் மணல் அள்ளியபோது அகப்பட்ட செப்பேடு சக வருஷம் 822, அதாவது கி.பி. 900ஐச் சேர்ந்தது. நம்வாரன் என்பவரின் கடன் தீர்ந்ததென்று அவருடைய பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுத்த விடுதலைச் சீட்டு அது. கடனோ 1 காத்தியும் 8 சுவர்ணமும் எடையுள்ள பொன். பாஷை பழைய மலாய். லிபியோ நம் பல்லவ எழுத்தின் வழிவந்த காவி. அந்தக் காவியில் ஒற்றுக்குக் குறி உண்டு! அப்படியிருந்தும் அதே பிரதேசத்தில் பிற்காலத்தில் வழங்கிய பாய்பாயின் அக்குறியின்றியே நிலைத்தது.

செப்பேட்டை வாசித்துச் சொன்னவர் ஆன்டூன் போஸ்த்மா என்ற டச்சுக்காரர். மின்டோரோ தீவின் மங்யான் மலைஜனங்களோடு பல்லாண்டு வாழ்ந்தவர். பாய்பாயினுக்கு உறவான அவர்களுடைய லிபி இன்னும் வழக்கில் இருக்கிறது. அடிக்கு ஏழு அசை வரும் 'அம்பாஹான்' என்னும் பாடல்களை மூங்கிலில் கத்தியால் கீறுகிறார்கள். ஒற்றுக்கு ஒரு குறியை இவரும் வகுத்துக்கொடுத்தார். இப்போது சிலர் அதை இடுகிறார்கள். மற்றவர்களுக்குப் பாட்டின் ஓட்டமே போதுமானதாயிருக்கிறது.