எலி செத்த வீடும் கம்பம் பள்ளத்தாக்கும்



பி.காம் படிக்கிறவனுக்கும் எலிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. கிடங்கு பற்றிய பாடத்தில் எலியை 'சேதாரம்' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த ஒரு வரி எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் ஊர் கடமலைக்குண்டு, வருசநாட்டுப் பக்கம், வைகைக் கரை. மேகமலைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு. 1895-ல் பெரியாறு அணைத் தண்ணீர் வந்த பிறகு நெல்லும் வண்டியும் வியாபாரமும் பெருகிய பூமி. இந்தப் பள்ளத்தாக்கின் பெயர் உலக மருத்துவ நூல்களிலும் இருக்கிறது என்பது எங்கள் ஆட்களிலேயே பலருக்குத் தெரியாது. திராட்சைக்காகவோ ஏலக்காய்க்காகவோ இல்லை, பிளேக்குக்காக! இங்கே பிளேக் ஏன் விடாமல் தங்குகிறது என்று தனியாக ஓர் ஆய்வே நடந்து, ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இருவரும் 1934-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் அதை வெளியிட்டார்கள்.

பிளேக் 1896-ல் பம்பாயில் இறங்கியது. அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தியாவில் 1 கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. கிருமியை 1894-லேயே ஹாங்காங்கில் யெர்சின் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அது எலியிலிருந்து மனிதனுக்கு எப்படி வருகிறது? 1898-ல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், எலியின் உடம்பில் இருக்கும் தெள்ளுப்பூச்சிதான் கடத்துகிறது என்று சோதனை செய்து காட்டினார். அப்போது பலரும் நம்பவில்லை. பம்பாயில் 1905-ல் தொடங்கிய பிளேக் ஆராய்ச்சிக் குழு மறுபடியும் சோதித்துப் பார்த்த பிறகுதான் உலகம் ஒத்துக்கொண்டது.

இந்தத் தெள்ளுப்பூச்சியின் கதையைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எலி உயிரோடு இருக்கும்வரை அது எலியை விட்டு அவ்வளவாகப் போகாது. எலி செத்து உடம்பு சில்லிட்டதும் அடுத்த ஆளைத் தேடி இறங்கும். வீட்டுக்குள் எலி தானாகச் செத்து விழுந்தால் சனங்கள் ஊரைக் காலி செய்துகொண்டு தோட்டத்தில் குடிசை போட்டார்களே, அதை மூடநம்பிக்கை என்று நினைத்துவிடாதீர்கள். தெள்ளு என்ற காரணம் தெரியாமலே சரியான காரியத்தைச் செய்திருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம். வளர்ந்த தெள்ளுதான் ரத்தம் குடிக்கும். அதன் புழு எலி வளையிலும், தரை வெடிப்பிலும், தானியத் தூசியிலும் கிடந்து குப்பையைத் தின்று வளரும். அதிக வெப்பமும் வறட்சியும் அதற்கு ஆகாது, மிதமான சூடும் ஈரமும் வேண்டும். எலித் தெள்ளிலும் சாதி உண்டு. கொழும்பு மாநகராட்சியில் வேலை பார்த்த ஹர்ஸ்ட் என்பவர், 'கியோப்பிஸ்' இனம்தான் பிளேக்கை நன்றாகப் பரப்பும், 'ஆஸ்டியா' அவ்வளவாகப் பரப்பாது என்று எடுத்துச் சொன்னார். சென்னை மாகாணம் முழுக்க எலித் தெள்ளைக் கணக்கெடுத்து கிங், பண்டிட் இருவரும் 1931-ல் எழுதினார்கள். வெயில் கொளுத்தும் சமவெளியில் ஆஸ்டியா, மிதமான மேட்டுப் பகுதிகளில் கியோப்பிஸ் என்பதுதான் பொதுவான சித்திரம். சென்னைப் பட்டணம் பெரிதாக அடிபடாமல் தப்பியதற்கு இப்படித்தான் காரணம் சொன்னார்கள். மலைகளுக்கு நடுவே, வீடு நிறையத் தானியத்தோடு இருந்த பள்ளத்தாக்கை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, எலியைக் கொன்றுவிட்டால் போச்சே? அதையும் செய்து பார்த்தார்கள். 1902-ல் ஹனோய் நகரில் பிரெஞ்சு அரசு ஒரு எலி வாலுக்கு இவ்வளவு காசு என்று அறிவித்தது. வால்கள் வந்து குவிந்தன. கொஞ்ச நாளில் பார்த்தால் ஊருக்குள் வாலில்லாத எலிகள் திரிகின்றன! வாலை மட்டும் நறுக்கிவிட்டு, குட்டி போடட்டும் என்று எலியை விட்டுவிட்டார்கள். ஊருக்கு வெளியே எலிப் பண்ணையே வைத்தவர்களும் உண்டு. (எங்கள் வகுப்பில் ஊக்கத்தொகை பற்றி நடத்தும்போது இதை உதாரணமாகச் சொன்னால் யாரும் தூங்க மாட்டார்கள்.) அந்தக் காலத்தில் பிளேக் நடக்கும்போது எலியை மட்டும் கொல்வதில் வேறொரு ஆபத்தும் இருந்தது. கொன்ற எலியை விட்டு இறங்கும் தெள்ளு எங்கே போகும்?

ஜாவாவில் வேறு வழியில் போனார்கள். பர்மா அரிசியோடு அங்கே போன பிளேக் 1911-ல் மலாங் பகுதியில் வெடித்தது. வீடுகளைப் பிரித்துப் பார்த்தால், தூணாக நட்ட மூங்கிலின் பொந்துக்குள், கூரைக்குள், கட்டிலின் மூங்கிலுக்குள் எல்லாம் எலிக் கூடு. நோய் எலியிடம் இருந்தாலும் இடம் கொடுத்தது வீடு என்று புரிந்துகொண்ட டச்சு அரசு, வீட்டையே மாற்றச் சொன்னது. மூங்கில் வாயை அடை, மரத்தூண் போடு, கூரைக்குப் பதில் ஓடு போடு என்று ஏறத்தாழ 15 லட்சம் வீடுகளைத் திருத்தினார்கள். செலவில் ஒரு பகுதி கடனாக மக்கள் தலையில்தான் விழுந்தது. வீட்டைத் திருத்தியதால் மட்டும் பிளேக் போய்விடவில்லை, 1930-களின் நடுவில் தடுப்பூசியும் வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் மருந்து வைப்பதைவிட வீட்டைப் பார்ப்பது முந்தியது என்று ஒரு அரசாங்கமே செய்து பார்த்த பெரிய கணக்கு இதுதான் என்பது என் எண்ணம்.

இந்தியாவில் டி.டி.டி.யும் ஸ்ட்ரெப்டோமைசினும் வந்த பிறகு பிளேக் படிப்படியாக அடங்கியது. 1966-க்குப் பிறகு 1994 வரை இங்கே ஒரு நோயாளியும் உறுதிசெய்யப்படவில்லை. எலி மட்டும் எங்கும் போகவில்லை. எலி மூத்திரத்தால் வரும் எலிக்காய்ச்சலும், புதரில் எலிமேல் இருக்கும் உண்ணிப்பூச்சிக் குஞ்சு கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸும் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. இதற்கு மருந்துக் கடையில் பேஸ்ட் வாங்கி வைத்தால் போதும் என்று நினைத்த வீடுகளில் குழந்தைகள் அதைத் தின்று செத்திருக்கிறார்கள். மஞ்சள் பாஸ்பரஸ் விஷத்துக்கு மாற்று மருந்தே கிடையாது. அந்தப் பேஸ்டைத் தமிழக அரசே தடை செய்திருக்கிறது.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளைப் பாருங்கள். குலுக்கையைத் தரையோடு வைக்காமல் கல்லின்மேல் ஏற்றி, வாயை மண் பூசி மூடுவார்கள். தரையைச் சாணி போட்டு மெழுகும்போது வெடிப்பெல்லாம் அடைந்துபோகும். இப்போது குலுக்கை போய், நெல் மூட்டையைச் சுவரோடு ஒட்டி அடுக்குகிறோம். மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைந்து பெருக்குகிற அளவுக்கு இடம் விட்டு, அடியில் கட்டை போட்டு அடுக்குவதுதான் கிடங்கு முறை, வீட்டுக்கும் அதேதான். வைக்கோல் படப்பும் விறகும் வீட்டுச் சுவரில் சாய்ந்திருக்கக் கூடாது. முருங்கைக் கிளை ஓட்டைத் தொட்டால் வெட்டிவிட வேண்டும். நம் வீட்டு எலி ஏறுவதில் கில்லாடி, அதற்கு அது பாலம். தேங்காய்ச் சிரட்டை, மாட்டுத் தீவனம், கோழிக்குப் போட்ட கம்பு எல்லாம் ராத்திரி முற்றத்தில் கிடந்தால் விருந்து வைத்த மாதிரி. சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் சந்து போதும், அதாவது பென்சில் கனம். பழைய வீட்டில் கதவுக்கு அடியில் எவ்வளவு இடைவெளி என்று ஒரு பென்சிலை விட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவுக்கு அடியில் இரண்டு பென்சில் போகிறது, தகரம் அடிக்க ஆசாரி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார்.