மூலைமட்டம் குலம் கேட்பதில்லை

தச்சன் மகன் தச்சனாகவே இருக்க வேண்டும்; துணி வெளுப்போன் மகன் துறையை விட்டு அகலக் கூடாது. நூற்றாண்டுக் கணக்கில் இந்நாட்டை ஆண்ட தொழிற்கல்வி இதுதான்! அதில் பட்டறை உண்டு, ஆசான் உண்டு, பயிற்சி உண்டு. தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் இல்லை. தந்தையின் தொழிலே மகனின் தலையெழுத்து என்றனர். மகளின் தலையெழுத்தோ அடுப்படியோடு முடிந்தது.

அந்தப் பழமைக்கு 1953இல் புது முலாம் பூசப்பட்டது. சென்னை மாநில முதலமைச்சராயிருந்த இராசகோபாலாச்சாரியார் புதிய தொடக்கக் கல்வித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். பள்ளியில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பாடம். எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். 'குலக்கல்வி' என்று தமிழகம் அதற்குப் பெயரிட்டது. பெரியார் போர்க்கொடி உயர்த்தினார், தி.மு.கழகமும் களம் புகுந்தது. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே திங்களில் திட்டம் கைவிடப்பட்டது.

உழைப்பை இழிவென்று கருதியா எதிர்த்தனர்? அன்று! உழைப்பைப் பிறப்போடு பிணைத்ததையே எதிர்த்தனர்.

தொழில் கற்பிக்க வேறு வழி இல்லாமலும் இல்லை. 1950இலேயே மத்திய அரசு கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. பள்ளிப் படிப்பை முடித்தோர் தொழிற்பயிற்சி நிலையம் புகுந்து பிட்டர், டர்னர், வெல்டர் என விரும்பிய தொழிலைக் கற்க அது வாயில் திறந்தது. 1961இல் வந்த தொழில் பழகுநர் சட்டமோ, உதவித்தொகையுடன் ஆலையிலேயே பழக வழி செய்தது.

அந்தப் பயிற்சிக் கூடத்தைப் பாருங்கள். பிட்டர் பிரிவின் மாணவன் முதலில் அரம் பிடிக்கப் பழகுகிறான். இரும்புத் துண்டை அராவுகிறான். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் உயர்த்திப் பார்க்கிறான். இடுக்கில் ஒளி கசிந்தால் மீண்டும் அராவ வேண்டும். அராவியது ஆணா பெண்ணா, எந்தத் தெரு, என்ன குலம் என்று மூலைமட்டம் கேட்பதில்லை! பரம்பரைப் பெருமையால் ஒரு நூலிழை கோணலையும் மறைக்க முடியாது.

எனினும் விழிப்பு வேண்டும், இளைஞர்களே! ஒரே மதிப்பெண் பெற்ற இருவரில், வசதி படைத்தவனைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு, குடிசையிலிருந்து வந்தவனிடம், "உனக்கெதற்கு மேற்படிப்பு? திருப்புளியைப் பிடி!" என்று சொன்னால், அது குலக்கல்வியே, சட்டை மட்டுமே புதிது!

பயிற்சி நிலையத்தோடு பாதை முடிந்துவிடவும் இல்லை. உரிய தகுதியுடன் அங்கிருந்து பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டிற்குச் செல்லலாம். பட்டயம் பெற்றபின் பொறியியல் கல்லூரியின் இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். இதனை எத்தனை வீடுகள் அறியும்? அறிந்தோர் சென்று சொல்லுங்கள்.

அரம் பிடிப்பது இழிவன்று. ஏடு பிடிப்பது உயர்வுமன்று. எதைப் பிடிப்பது என்று முடிவு செய்தது யார்? பிறப்பா, அவனேவா? அதைக் கேளுங்கள். அவனே என்றால் அது கல்வி. பிறப்பு என்றால் அது விலங்கு!